புயலோடு பேசுகிறவள்

வேறு யாரும் படிக்க முன்வராததால்தான் அந்தப் புத்தகம் அவளிடம் வந்து சேர்ந்தது.

கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து கொடுக்கும் நிலையம் ஒன்றில் அவள் வாசிப்பாளராக வேலை பார்த்தாள். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் மூன்று அறைகள். ஒன்று அலுவலகம். இன்னொன்றில் பதிவான புத்தகங்கள் சின்னச் சின்ன மெமரி கார்டு அட்டைகளாக அலமாரி நிறைய இருந்தன. மூன்றாவதுதான் பதிவறை. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, கதவிடுக்கில் ரப்பர் பட்டை வைத்து, வெளியே இடி விழுந்தாலும் உள்ளே தெரியாதபடி செய்திருந்தார்கள். பதிவு நடக்கும்போது மின்விசிறியும் ஏசியும் ஓடக்கூடாது. கஞ்சி போட்ட துணி உடுத்தக்கூடாது, சரசரக்கும். வளையல் கூடாது. பசியோடு வரக்கூடாது, வயிறு பேசிவிடும். கைபேசியை வெளியே இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருப்பார். வாயைத் திறந்தால் 'சைலன்ஸ்' என்பதைத் தவிர வேறு எதுவும் அதிகம் வராது என்பதால் அவருக்கு சைலன்ஸ் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

"விஞ்ஞானக் கதைன்னு அட்டையில போட்டிருக்கு. ஆனா ஒரு ராக்கெட் கூட இல்லையாம்," என்றார் நிலையத்தின் பொறுப்பாளர் அம்மா, புத்தகத்தை மேசையில் தள்ளிவைத்து. "சரி, பேய்க்கதையான்னு பாத்தா, பேயைக் கண்டு ஒருத்தரும் பயப்பட மாட்டேங்கறாங்களாம். ரெண்டு பேர் வாங்கிட்டுப் போய் அப்படியே திருப்பிக் குடுத்துட்டாங்க. நீ பாக்கறியா?"

"குடுங்க மேடம்."

அவள் கணவன் போன பிறகு எதைக் கொடுத்தாலும் அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். வரிச்சட்ட வழிகாட்டி, முதலுதவிக் கையேடு, ஒரு அமைச்சரின் தன் வரலாறு, எல்லாவற்றையும் ஒரே குரலில் படித்து முடித்திருந்தாள். வாய் பாட்டுக்கு வாசிக்கும், மனசு எங்கோ கிடக்கும்.

வெப்பமண்டலத் தீவுகளில் பிறந்தவர்கள் எழுதிய கதைகள் அவை. வெவ்வேறு கடல்கள், வெவ்வேறு மொழிகள். யாரோ ஒருவர் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் தமிழுக்குக் கொண்டுவந்திருந்தார். முதல் கதையில் ஒரு தீவு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டிருந்தது. எப்படிப் போனது, யார் அழுதார்கள் என்பதெல்லாம் இல்லை. அது எப்போதோ முடிந்த விஷயம். தீவின் அரசாங்கம் மட்டும் தூரதேசத்துக் குளிர்நகரம் ஒன்றில், அடுக்குமாடிக் கட்டடத்தின் துணி துவைக்கும் அறையில் நடந்துகொண்டிருந்தது. கடலின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கும் ஓத அமைச்சர் தினமும் காலையில் கம்பளிக்கோட்டு போட்டுக்கொண்டு வந்து, துவைக்கும் இயந்திரத்தின் கண்ணாடிக் கதவுக்குள் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்து, அன்றைய கடல் நிலவரத்தை அறிவிப்பார். அங்கே பிறக்கும் குழந்தைகளுக்குக் கடலடியில் இருக்கும் தெருவின் பெயரும் கதவு எண்ணும் போட்டுப் பிறப்புச் சான்றிதழ் கொடுப்பார்கள்.

அதைப் படித்துக்கொண்டிருந்தபோது அவள் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றாள். தவறு எதுவும் செய்யவில்லை. அந்த வாக்கியம் உள்ளே போக இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"என்னம்மா, தண்ணி வேணுமா?" என்று காதொலிப்பானில் கேட்டார் சைலன்ஸ் சார்.

"வேணாம் சார். மறுபடி அந்த வரியிலேருந்து போறேன்."

அன்று வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அவள் அந்தப் புத்தகத்தைப் பற்றி நினைத்துக்கொண்டு வந்தாள். இதுவரை அவள் படித்த எதிர்காலக் கதைகளில் எல்லாம் உலகம் அழியப்போகும் நேரத்தில் யாராவது வந்து காப்பாற்றுவார்கள். இவர்கள் கதையில் உலகம் அழிந்து முடிந்திருந்தது, சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. அதற்கப்புறமும் துணி துவைக்க வேண்டியிருந்தது. அதை ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்த ஒன்று.

*

வீட்டில் நாத்தனார் இருந்தார். கணவனின் அக்கா. பள்ளிக்கூடத்தில் புவியியல் பாடம் நடத்தியவர் என்பதால் தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். சர்க்கரை நோய் கண்ணைத் தின்றுவிட்ட பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியை அவர்தான் வளர்த்தார். தம்பி போன பிறகு இரண்டு பெண்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள், வேறு போக்கிடம் இல்லாததால்.

அவள் கணவன் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவன். அன்றைக்கும் ஏதோ ஒரு கட்டடத்தில் வேலையாக இருந்திருக்கிறான். நெஞ்சு பிசைவது போல இருந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டிருக்கிறான். அவள் பதிவறைக்குள் இருந்தாள். கைபேசி மரப்பெட்டிக்குள் கிடந்து மின்னி மின்னி அணைந்தது. வெளியே வந்து பார்த்தபோது திரை முழுக்க அவன் அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டபோது எடுத்தது காவலாளி.

எடுத்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று மருத்துவர் சொன்னார். மருத்துவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். உடலை எடுத்துப்போகும் நேரத்தில், கூடியிருந்தவர்கள் முன்னால் டீச்சர் சொன்னதுதான் நின்றது.

"ஊருக்கெல்லாம் வாய் ஓயாம படிச்சுச் சொல்ற. கட்டினவன் கூப்பிட்டது மட்டும் உன் காதுல விழல."

அதற்கப்புறம் டீச்சர் அதைத் திரும்பச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. சாப்பாடு ஆச்சா, மாத்திரை போட்டாச்சா, தண்ணி வந்துச்சா என்பதற்கு மேல் வீட்டில் பேச்சு கிடையாது. நிலையத்திலிருந்து கேட்கும் புத்தகங்களை அவள்தான் கொண்டுவந்து கொடுப்பாள். அட்டையைக் கையில் வாங்கியதும் டீச்சர் கேட்கும் முதல் கேள்வி, "யார் படிச்சது?" அவள் படித்ததாக இருந்தால் அட்டை மேசையிலேயே கிடக்கும். மறுநாள் அவளே எடுத்துக்கொண்டு போவாள்.

*

தீவுக் கதைகள் ஒவ்வொன்றாகப் பதிவில் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு கதையில் எரிமலை ஒரு வீட்டுக்கு மருமகளாக வருகிறாள். பேசுவதில்லை, சமையலறையில் நின்றாலே அடுப்பு பற்றிக்கொள்கிறது. குடும்பமே அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடந்துகொள்கிறது. இன்னொன்றில் கரும்புத் தோட்டத்தில் அறுவடை செய்யும் இயந்திரங்கள், அந்த மண்ணில் அடிமையாக இருந்து செத்தவர்களின் பாட்டை எப்படியோ கற்றுக்கொண்டு, ஒரு காலையில் வேலையை நிறுத்திவிடுகின்றன. முதலாளிகள் கம்பியைப் பிரிக்கிறார்கள், எண்ணெய் மாற்றுகிறார்கள், பாட்டு நிற்கவில்லை. அந்தக் கதையைப் படித்து முடித்ததும் சைலன்ஸ் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைத் தூக்கி சல்யூட் அடிப்பதுபோல நெற்றியில் வைத்தார். அவர் இத்தனை வருடத்தில் எந்தப் புத்தகத்துக்கும் அப்படிச் செய்ததில்லை.

வேலைக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு மறுபடியும் தோன்ற ஆரம்பித்தது. அது ஒன்றும் சந்தோஷம் கிடையாது. இழவு வீட்டில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்தால் ஒரு ஆறுதல் வருமே, அது.

அப்புறம் அந்தக் கதை வந்தது.

ஒரு தீவின் வானிலை அலுவலகத்தில் புயலோடு பேசுவதற்கென்று ஒரு பெண் இருக்கிறாள். அது அவள் உத்தியோகம். புயல் கிளம்பியதும் வானொலிக் கருவி முன்னால் உட்கார்ந்து அதனிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். எங்கே பிறந்தாய், எந்தக் கடல் தண்ணீர் பிடிக்கும், உன் அம்மா எப்படி இருக்கிறாள். பேச்சு தொடரும்வரை புயல் கடலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பேச்சு அறுந்தால் கரைக்கு வந்துவிடும். ஒரு தடவை பெரிய புயல் வருகிறது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருக்கும் இன்னொரு கருவியில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. கடலுக்குப் போன அவள் கணவனின் படகிலிருந்து அழைப்பு.

அவள் அந்த வரியைப் படித்தாள். அடுத்த வரியைக் கண்ணால் பார்த்தாள். பிறகு பக்கத்தைப் புரட்டினாள், இரண்டு தாள்களைச் சேர்த்து. சத்தம் வராமல் புரட்டுவது அவளுக்குக் கைவந்த கலை. "அன்றைக்கே புயல் வடக்கே திரும்பிப் போயிருந்தது," என்று தொடர்ந்தாள். சைலன்ஸ் சார் ஒலி அளவு காட்டும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கதை முடிந்ததும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

படிக்கத் தெரிந்த நாளிலிருந்து அவள் ஒரு சொல்லைக்கூட விட்டதில்லை. அன்று வெளியே வந்து மரப்பெட்டியைத் திறந்தாள். கைபேசியில் ஒரு அழைப்பும் இல்லை.

*

சில வாரம் கழித்து ஒரு விடுமுறை மத்தியானம். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சரின் அறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. யாரோ பெண் தணிந்த குரலில் எதையோ விவரித்துக்கொண்டிருந்தாள். நல்ல குரல் என்று நினைத்தாள். அப்புறம்தான் அது தன் குரல் என்று உறைத்தது.

மடித்த துணியை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். எரிமலை மருமகளின் கதை. மாமியார் முதல் தடவையாக அவளிடம் 'சாப்பிட்டாயா' என்று கேட்கும் இடம்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் டீச்சரே பேச்சை எடுத்தார்.

"நிலையத்துல தீவுகள்னு பட்டியல்ல வாசிச்சாங்க. போன்ல கேட்டேன். சைலன்ஸ் வீட்டுக்குப் போற வழியில குடுத்துட்டுப் போனார். ஊர் சுத்தின புத்தகம்னு நெனச்சேன்."

"கதை அண்ணி அது."

"அது தெரியுது. நீ படிச்சதுன்னும் தெரியுது. நிறுத்தலாம்னு பட்டன்ல கையை வெச்சேன். அதுக்குள்ள அந்த மந்திரி துவைக்கிற மெஷின் முன்னாடி வந்து நின்னுட்டான்." டீச்சர் தட்டைத் தடவி உப்பை எடுத்துக்கொண்டார். "எரிமலையை மருமகளா கொண்டுவந்து வீட்டுக்குள்ள வெச்சு, அவ மூஞ்சி சுளிச்சா எல்லாரும் நடுங்கறாங்களாம். அதுல என்ன புதுசு? எந்த வீட்ல நடக்கல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் குடித்தாள்.

அதற்கப்புறம் சாப்பாட்டு நேரம் மாறியது. டீச்சர் ஒவ்வொரு கதையையும் பரீட்சைத்தாள் திருத்துவதுபோல எடுத்து வைத்துக்கொண்டு பேசுவார். கரும்புத் தோட்டத்துக் கதையைக் கேட்ட அன்று தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்:

"ரிடையர் ஆகிற வரைக்கும் பிள்ளைங்களுக்கு அந்தத் தீவுகளைச் சொல்லிக்குடுத்தேன். மேப்ல புள்ளி வைக்கச் சொல்வேன். தலைநகரம் என்ன, மழை எவ்வளவு, ஏற்றுமதி என்ன. கரும்பு, தேங்காய்னு எழுதினா முழு மார்க். அந்தக் கரும்பை யார் வெட்டினாங்கன்னு நான் கேட்டதே இல்லை. பேனா முனையால ஒரு புள்ளி. அவ்வளவுதான் எனக்கு அவங்க."

"பாடப் புத்தகத்துல இருந்ததைத்தானே அண்ணி சொன்னீங்க."

"இருந்ததைத்தான் சொன்னேன். அதான் சொல்றேன்."

அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதும் தம்பியின் பெயர் அந்த மேசைக்கு வரவில்லை. அவன் உட்காரும் நாற்காலியில் டீச்சரின் கைத்தடி சாய்ந்திருக்கும். ஆனாலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள். முன்பெல்லாம் ஒருத்தர் முடித்து எழுந்த பிறகுதான் மற்றவர் தட்டை எடுப்பது.

ஒரு நாள் டீச்சர் சாப்பாட்டில் கை வைக்காமலே ஆரம்பித்தார்.

"அந்தப் புயல் கதை கேட்டேன். ஏதோ விட்டுப்போச்சு."

"என்ன அண்ணி?"

"சிவப்பு விளக்கு மின்னுது. உடனே புயல் வடக்கே போயிடுது. ஊர்க்காரங்க அவளைத் தோள்ல தூக்கிக் கொண்டாடறாங்க. சரி. கடைசியில அவ தினம் அந்த ரெண்டாவது ரேடியோ முன்னாடி உக்காந்து 'இருக்கேன், சொல்லு, கேக்குது'ங்கறாளே, யார்கிட்ட சொல்றா? புயல்தான் போயிடுச்சே. நடுவுல என்ன ஆச்சு?"

"புத்தகத்துலயே அப்படித்தான் இருக்கு அண்ணி. அவங்க எழுதறது அப்படி. கொஞ்சம் நாமதான் புரிஞ்சுக்கணும்."

டீச்சர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார். பார்வை இல்லாத அந்தக் கண்கள் அவளுடைய தோளுக்குச் சற்று மேலே நின்றன.

"சரி," என்றார்.

மறுநாள் காலையில் டீச்சர் நிலையத்துக்குத் தொலைபேசி செய்தார். மத்தியானம் பொறுப்பாளர் அம்மா அவளைக் கூப்பிட்டார். மேசையில் புத்தகம் விரிந்து கிடந்தது.

"நாலு பக்கம் இல்லைம்மா. தாள் ஒட்டிக்கிச்சா?"

ஒட்டிக்கொண்டது என்று சொன்னால் முடிந்திருக்கும். அவளும் அதற்காகத்தான் வாயைத் திறந்தாள்.

"இல்ல மேடம். நான்தான் படிக்கல."

பொறுப்பாளர் அம்மா அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். மேற்கொண்டு ஏன் என்று கேட்கவில்லை. "வேற யாரையாவது வெச்சுப் படிக்கச் சொல்லட்டுமா? குரல் மாறும், பரவாயில்ல," என்றார்.

"நானே படிக்கறேன்."

அன்று உள்ளே போய் உட்கார்ந்தாள். விசிறி நின்றது. கண்ணாடிக்கு அப்பால் சைலன்ஸ் சார் விரலை ஆட்டினார். சிவப்பு விளக்கு என்ற சொல்வரை வந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி அதே இடம். சைலன்ஸ் சார் கருவியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வந்தார்.

"வீட்டுக்குக் கொண்டுபோம்மா," என்றார். "சும்மா ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பாரு. மைக் இல்லாம."

*

டீச்சர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக வெயில் இன்னும் வந்துகொண்டிருந்தது. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரில் நின்றாள்.

"பொய் சொன்னேன் அண்ணி. அது புத்தகத்துல இருக்கு."

"தெரியும்."

"போன் பண்ணினதுக்கு அப்புறம் தெரியுமா?"

"நீ சொன்னப்பவே. உன் குரலை வாரக்கணக்கா கேட்டுட்டிருக்கேன். பொய் சொன்னா மூச்சு எங்க நிக்கும்னு தெரியாதா?" டீச்சர் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தட்டினார். "உக்காரு. படி."

அவள் உட்கார்ந்து படித்தாள்.

"'சிவப்பு விளக்கு மின்னியது. அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று அவள் ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை. கையை நீட்டினால் எட்டும் தூரம். புயல் அப்போது தன் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. பேச்சை அறுத்தால் அது கரைக்குத் திரும்பும். கரையில் எல்லாரும் இருந்தார்கள். கடலில் அவன் ஒருவன் இருந்தான். அவள் புயலிடம், அப்புறம் உன் அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டாள். விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.'"

டீச்சரின் கை கைத்தடியின் தலையில் இருந்தது. அசையவில்லை.

"'அந்தக் கடலில் குரல்கள் உடனே வந்து சேர்வதில்லை. கல்போல மூழ்கி, அடியில் கிடந்து, காலம் போன பிறகு ஒவ்வொன்றாக மேலே வரும். எல்லாரும் மறந்துவிட்ட ஒரு காலையில் இரண்டாவது வானொலியில் அவன் குரல் வந்தது. இருக்கியா என்றது. அவ்வளவுதான். அடுத்த மழைக்காலத்தில், கேக்குதா என்றது. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பதில் போய்ச் சேர எவ்வளவு காலம் ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. அதைக் கேட்க அந்தப் பக்கம் யாராவது இருப்பார்களா என்பதும் தெரியாது.'"

இந்த இடத்தில் அவளால் மேலே போக முடியவில்லை. புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்து அழுதாள். அவன் போனபோது கூட்டம் இருந்தது, சடங்கு இருந்தது, அழுகை பாதியில் நின்றுபோயிருந்தது. இப்போது அது மீதியையும் கேட்டது. டீச்சர் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. அழுது முடியும்வரை காத்திருந்தார்.

"அவன் உன்னைக் கூப்பிட்டுப் பெருசா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டான்," என்றார் கடைசியில். "வலிக்குதுன்னு கூடச் சொல்லியிருக்க மாட்டான். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். முட்டியில ரத்தம் ஒழுகும், கேட்டா ஒண்ணும் இல்லம்பான். எங்க இருக்கன்னு கேட்டிருப்பான், அவ்வளவுதான்."

"அதையாவது கேட்டிருப்பேனே அண்ணி."

"ஆமா."

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு நான் சொன்னேனே, அதைச் சொல்லலன்னு ஆக்க முடியாது. யாரையாவது குத்தணும்போல இருந்துச்சு. நீ கைக்கெட்டற தூரத்துல இருந்த. அது சரின்னு சொல்ல வரல." கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மீதியைப் படி. இன்னும் கொஞ்சம் இருக்கும்."

அவள் படித்தாள். மறுநாள் பதிவறையில் அதே பக்கங்களைத் தடங்கல் இல்லாமல் படித்து முடித்தாள். சைலன்ஸ் சார் கட்டைவிரலைத் தூக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

*

இதற்கப்புறம் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. டீச்சரின் சிறுநீரகமும் கெட ஆரம்பித்தது. மாடியில் இருந்த வீட்டுக்கு ஏறி இறங்க முடியவில்லை. பகலெல்லாம் தனியாக இருந்ததில் ஒரு தடவை குளியலறையில் விழுந்தார். பார்வையற்ற முதிய பெண்களுக்கான விடுதி ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. மருத்துவ வசதியும் உண்டு. டீச்சரே விசாரித்து, டீச்சரே முடிவு செய்தார்.

"நான் வேலையை விட்டுடறேன் அண்ணி," என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"விட்டுட்டு? என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காரப் போறியா? இந்த வீட்ல எந்தப் பக்கம் கையை வெச்சாலும் அவன் மாட்டின சுவிட்சுதான் தட்டுப்படுது. எனக்கு முடியல. நீ இரு. உனக்கு முடிஞ்சா."

அவள் விடுமுறை நாட்களில் விடுதிக்குப் போய்வந்தாள். தீவுக்காரர்கள் எழுதிய வேறு புத்தகம் கிடைக்குமா என்று கடைகடையாக விசாரித்தாள். கடைக்காரர்களுக்கு அவள் என்ன கேட்கிறாள் என்பதே புரியவில்லை. ஒருவர் சுற்றுலா வழிகாட்டியை எடுத்துக் காட்டினார். அட்டையில் வெள்ளை மணலும் குடையும் இருந்தன, ஆள் இல்லை. கடைசியில் ஒரே ஒரு மெல்லிய புத்தகம் கிடைத்தது. அதையும் பதிவு செய்து கொடுத்தாள். நிலையத்தில் அந்த இரண்டு புத்தகங்களையும் கேட்டு வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள் அவள் விடுதிக்குப் போனபோது டீச்சரின் அறைக்கதவு திறந்திருந்தது. நான்கைந்து பெண்கள் கட்டில்களில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் புயல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வகுப்பு எடுக்கிற அதே குரல், மூச்சு மட்டும் கொஞ்சம் வாங்கியது.

"ஏன் எடுக்கல அவ?" என்றார் ஒரு பெண். "கையை நீட்டினா எட்டும்ங்கறீங்க. என்ன பொம்பளை அவ?"

"அவ வேலையில இருந்தா," என்றார் டீச்சர், பாடத்தில் ஒரு பதிலைத் திருத்துகிற மாதிரி. "குறுக்க பேசாம கேளுங்க."

அவள் கதை முடியும்வரை நடையிலேயே நின்றாள். மற்றவர்கள் தடவித் தடவி வெளியேறிய பிறகு உள்ளே போனாள். டீச்சர் அவள் காலடியை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டார்.

"வா. காலையில ரேடியோவுல செய்தி சொன்னாங்க. அந்தப் புயல் கதை எழுதினவ, எந்தத் தீவுன்னு புத்தகத்துல போட்டிருந்துச்சே. அங்கதான் நேத்து புயல் அடிச்சிருக்கு. பெருசா."

பின் அட்டையில் இருந்த இரண்டு வரிக் குறிப்பு அவளுக்கு மனப்பாடம். அதைப் பதிவு செய்தவளே அவள்தான். எழுதியவள் அந்தத் தீவின் வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறாள்.

"எவ்வளவு பேருக்கு என்ன ஆச்சுன்னு சொன்னாங்களா?"

"தகவல் தொடர்பு இல்லையாம்."

மத்தியானச் செய்திக்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவள் டீச்சரின் வீங்கிய காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டாள். டீச்சர் வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்தி வந்தது. தேர்தல், விலைவாசி, ஒரு பாலம் திறப்பு. அப்புறம் தீவின் பெயர். இன்னும் தொடர்பு கிடைக்கவில்லை என்று ஒரே வரி. அடுத்து விளையாட்டு.

"அவ்வளவுதானா?" என்றார் டீச்சர்.

"அவ்வளவுதான் அண்ணி."

"ஒரு புள்ளி," என்றார் டீச்சர். வானொலியை அணைக்கக் கையை நீட்டியவர், அணைக்காமல் ஒலியை மட்டும் குறைத்து வைத்தார். "சாயங்காலம் இன்னொரு செய்தி இருக்கு. அது வரைக்கும் இருப்பியா?"

"இருக்கேன்," என்றாள் அவள்.

சாயங்காலச் செய்தியில் தீவின் பெயர் வரவில்லை. கடைசிப் பேருந்துக்கு நேரமானதால் அவள் கிளம்பினாள். மழை விட்டபாடில்லை.